கட்டைவிரல் வலி போனது, சுண்டுவிரல் மரத்தது

கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக ஒரு வலி வந்தால், "ஆபரேஷன் சரியா ஆகலை போல" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கும் அந்த ஆபரேஷன் நடந்தது; சேலம் செவ்வாய்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கொலுசுப் பட்டறையிலும் அதே பேச்சு. ஏற்காட்டில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு, மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் கழுத்து குலுங்குமோ என்று பயந்து நான் போகாததும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது.

எனக்குக் கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி வலி. முன்கழுத்தைத் திறந்து டிஸ்க்கை எடுத்து, அந்த இடைவெளியைத் தாங்க கேஜ் என்கிற சின்னத் துண்டு வைத்து, டைட்டானியம் பிளேட் போட்டார்கள். மயக்கம் தெளிந்தபோதே அந்த வலி இல்லை.

அப்புறம் வந்தவை வேறு. முதலில் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கடுப்பு. கேஜ் வைக்கும்போது பின்னால் உள்ள சின்ன மூட்டுகளும் தசையும் இழுபடுவதால் பலருக்கும் வருமாம், தானாக அடங்கிவிட்டது. அடுத்து இடது சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தன. இடது கையைத் தூக்கி ஜடை பின்னவும் முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் கையைத் தொடாமலே, "கழுத்து ஆபரேஷன்னா அப்படித்தாம்மா" என்றார். இன்னும் கோபம் ஆறவில்லை. இரண்டாவது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரல்?"

எனக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் டிஸ்க் அழுத்தும் நரம்பு போவது கட்டைவிரல் பக்கம். சுண்டுவிரலுக்குப் போவது இன்னும் கீழேயுள்ள நரம்பு. நரம்பு டெஸ்ட் எடுத்ததில் சிக்கல் கழுத்தில் இல்லை, முழங்கையில். காலர் போட்டிருந்த நாளெல்லாம் கையை மடக்கி நாற்காலிக் கையில் ஊன்றியே உட்கார்ந்திருந்தேன். உள்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது. தோள் இறுகியது தனிக்கதை. பயத்தில் கையை அசைக்காமல் வைத்திருந்தேன், சர்க்கரையும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது அதிகம்.

அதனால் புது வலி வந்தவர்கள் எந்த விரல், எப்போது, கையை எப்படி வைத்தால் என்று குறித்துக்கொண்டு போங்கள். கை பலமிழந்து பொருள் நழுவினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால், காய்ச்சலோடு காயத்தில் நீர் கசிந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்போது இரவில் முழங்கையில் துண்டைச் சுற்றி நீட்டிவைத்தே தூங்குகிறேன். மரமரப்பு பாதி குறைந்திருக்கிறது. தோளுக்குப் பிசியோதெரபி நடக்கிறது. ஜடை இன்னும் மகள்தான் பின்னுகிறாள்.