மார்கழி விளக்கு

டிசம்பர் 17, 2024, செவ்வாய் (மார்கழி 2)

நாலரைக்கே ஒலிபெருக்கி அலற ஆரம்பித்துவிட்டது. பெருமாள் கோயில் பக்கம் திருப்பாவை, வெண்பொங்கல், கூட்டம். எங்கள் சிவன் கோயிலில் நான், குருக்கள், வாசலில் படுத்திருக்கும் நாய். ஒருகால பூஜைக் கோயில். குருக்கள் பைக்கிலேயே சுற்றி நாலு ஊர்க் கோயில்களைப் பார்த்தாக வேண்டும். கூட்டுவது, கோலம், விளக்கு மூன்றும் என் பொறுப்பு.

டிசம்பர் 20, வெள்ளி

அகலில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. எலி வேலை.

வேதாரண்யம் கோயில் கதையிலும் ஒரு எலி உண்டு. அணையப்போன விளக்கில் நெய் நக்க வந்த இடத்தில் மூக்கு பட்டுத் திரி தூண்டப்பட்டது. மறுபிறவியில் அதுவே மகாபலிச் சக்கரவர்த்தி. அந்த எலிக்கு ஏது பக்தி? பசிதான். ஆனாலும் சிவன் கணக்கில் வரவு வைத்துவிட்டார். குருக்களிடம் சொன்னேன். "நம்ம எலி திரியையே தூக்கிண்டு போயிடுத்தே, இதுக்கு என்ன ஜென்மம் கிடைக்குமோ!" என்றார்.

சரவிளக்கை இறக்கித் தேய்த்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் மேலே பளபளவென்று வந்துவிடும். வம்பெல்லாம் குழிக்குள்தான். கருகிய திரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து பிசுக்காக இறுகிக் கிடக்கும். விரல் நுழையாது, ஈர்க்குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நகக்கண்ணில் குடியேறிவிடும்.

டிசம்பர் 23, திங்கள்

மனசு ஒட்டவே இல்லை. கூட்டினேன், ஏற்றினேன், வந்துவிட்டேன்.

டிசம்பர் 26, வியாழன்

ராத்திரி பெரியபுராணம் படித்தேன். விளக்குத் தொண்டு செய்த நாயன்மார் என்றதும் நமக்கு நினைவு வருவது விளக்கெரிக்க வழியில்லாமல் கணம்புல்லர் தன் தலைமுடியை எரித்ததும், கலியர் தன் கழுத்தையே அரியப் போனதும்தான். அந்த இடங்களில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதற்கு முந்தைய காலம்தான் எனக்குப் பிடிக்கும். கணம்புல்லர் புல் அறுத்து, சுமந்து போய் விற்று, நெய் வாங்கியிருக்கிறார். திருவொற்றியூர்க் கலியர், சொத்தெல்லாம் கரைந்த பிறகு, தன் இனத்தார் செக்கிலேயே கூலிக்கு உழைத்திருக்கிறார். வெயிலில் புல் வாங்க ஆள் கிடைத்திருப்பார்களா என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

சாக்கிய நாயனார் கதை இன்னும் அருமை. பௌத்தத் துறவிகளின் துவராடையோடே (காவி உடை) லிங்கத்தின்மேல் தினம் ஒரு கல் எறிந்தவர். எறியாமல் சாப்பிட மாட்டார். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்தவர், ஞாபகம் வந்ததும் பதறி எழுந்து ஓடினார். சிவன் காட்சி கொடுத்தது அன்றைக்குத்தான். எறிந்தது வெறும் கல். ஓடினாரே, அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 3, 2025, வெள்ளி

ஒரு வேலையாகத் தஞ்சாவூர் போனவள் பெரிய கோயிலுக்கும் போய் வந்தேன். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த உறவுக்காரப் பையன் கூட வந்தான். அந்தக் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்களாம். வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம். கணக்கில் மட்டும் 96 குறையக் கூடாது. குட்டிகளைச் சேர்த்து ஈடுகட்டுவது அவர் பாடு. அந்த இடையர்கள் பெயரும் கல்லில் இருக்கிறது.

ஆடு கொடுத்த புண்ணியவானுக்கு ஒரே நாளில் வேலை முடிந்தது. இடையருக்கோ அடைமழையிலும் காய்ச்சலிலும், மகள் கல்யாணத்தன்றும்கூட உழக்கு நெய் போயாக வேண்டும். பல நாள் முணுமுணுத்துக்கொண்டே அளந்திருப்பார். அதைக் கட்டாயம், வெறும் குத்தகை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. உள்ளம் உருகிய நாளில் யார் வேண்டுமானாலும் விளக்கேற்றுவார்கள். உருகாத நாளில் ஏற்றுவதுதான் பாடு. அந்தத் திங்கட்கிழமையை எழுதினேனே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

ஆருத்ரா தரிசனம். ஊரே திரண்டுவிட்டது. களி போதவில்லை. ஆளாளுக்கு நெய்விளக்கு ஏற்றி, பிராகாரமெல்லாம் வழுக்குகிறது. நாளைக்குக் கழுவ ஒருத்தரும் வரமாட்டார்கள், தெரியும்.

பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சென்னை போகிறேன். அடுத்த வீட்டுப் பெண், பத்தாவது படிக்கிறாள், வரும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சாவியைக் கொடுத்தேன்.

"அத்தை, எனக்குத் தேவாரமெல்லாம் தெரியாதே?"

"தெரிய வேணாம்டி. ஆறு மணிக்குள்ள ஏத்திடு. எண்ணெய் பாட்டிலை மட்டும் இறுக்கி மூடி வை, எலி வரும்."