"முன்பக்கம் திரும்பலைண்ணா"

"முன்பக்கம் திரும்பலைண்ணா, புஷ் ஆகுது." இந்திய ஃபார்முலா 4 கார் பந்தயத்தின் தகுதிச்சுற்று முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு எங்கள் அணியில் ஓட்டும் பையன் சொன்னது இவ்வளவுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் வெளிப்பக்கம் வழுக்குவதைத்தான் புஷ் என்போம். காரில் பதிவான டேட்டாவைத் திறந்து பார்த்துவிட்டு நான் சொன்னதும் ஒரே வரிதான். "கார்ல ஒண்ணுமில்லை. நீ பிரேக்கை விடுற விதத்தைப் பாரு." அவன் மறுக்கவில்லை. "சரிண்ணா" என்றான். செட்டப்பை மாற்றாமலே அடுத்த பந்தயத்துக்குக் காரை அனுப்பினோம்.

அந்த முடிவை இன்றைக்கும் என்னால் வரிவரியாக நியாயப்படுத்த முடியும். முதலில் அதைச் செய்துவிடுகிறேன்.

மெதுவான வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்தால் காரணம் காரிலும் இருக்கலாம், காலிலும் இருக்கலாம். காரில் என்றால் பார்க்க வேண்டியவை தெரிந்தவைதான்: முன் டயர் அழுத்தம் எகிறியிருக்கிறதா, ஓடுபாதை ஓரத்துக் கெர்ப்பில் ஏறி இறங்கியதில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) விலகியதா, நான்கு சக்கரங்களின் எடைப் பங்கீடு குறுக்குவாட்டில் கெட்டிருக்கிறதா. நூல் கட்டி டோ பார்த்தோம், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) பார்த்தோம், அழுத்தமும் பார்த்தோம். எல்லாம் செட்டப் தாளில் எழுதியபடியே இருந்தன.

காலில் என்றால் டேட்டா வரைபடத்தில் பிரேக் அழுத்தத்தின் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அவன் மிதித்த உச்ச அழுத்தத்தில் குறையே இல்லை. விட்டதில்தான் சிக்கல். வேகமான ஓட்டுநரின் கோடு உச்சத்திலிருந்து சாய்வாக இறங்கி, ஸ்டியரிங் பாதி திரும்பும்வரை கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். அந்த மிச்ச அழுத்தம்தான் முன் டயர்மேல் எடையை உட்காரவைக்கிறது. இவனுடைய கோடு செங்குத்தாக விழுந்தது. காலை எடுத்த கணத்தில் மூக்கு மேலே எழும்புகிறது, அதே கணத்தில் அவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிறான். எடை இல்லாத டயர் எப்படிப் பிடிக்கும்? பிடிக்காததால் இன்னும் திருப்புகிறான், டயர் வழுக்கிச் சூடேறுகிறது, வளைவின் நடுவில் உண்மையாகவே புஷ் ஆகிறது. அவன் சொன்னது பொய்யே இல்லை. காரணம் மட்டும் வேறிடத்தில் இருந்தது.

ஓட்டுநர் கேட்கிறாரே என்று காரைத் திருத்தியிருந்தால்? வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் தண்டான முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு படி இளக்கலாம், அல்லது காரைத் தரையோடு அழுத்தும் முன் விங்கில் கோணம் கூட்டலாம். விங்கின் பிடிப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதைப்போல நான்கு மடங்கு 160-ல் கிடைக்கும். மெதுவான வளைவுக்காக வைத்த கோணம் அங்கே பெரிதாக உதவாது, முதல் வளைவான சி1 மாதிரி வேகமான வளைவில் முன்பக்கத்தை அளவுக்கு மீறிக் கடிக்கவைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். பார் அந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனாலும் எல்லா வளைவிலும் பின்பக்கத்தின் பிடிப்பைக் குறைக்கத்தான் செய்யும். கார்ட்டிங் என்கிற சிறுவண்டிப் பந்தயத்திலிருந்து நேராக வந்த பையனை, பின்பக்கம் துள்ளும் காரில் உட்காரவைத்து வேகமான வளைவுக்கு அனுப்ப எனக்குத் துணிச்சலும் இல்லை, அனுப்பவும் கூடாது.

இதோடு 2023-ன் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய ஃபார்முலா 4-க்கு அது முதல் சீசன். எல்லோருக்கும் ஒரே மைகேல் நிறுவனச் சேஸி (காரின் உடற்சட்டம்), ஒரே 1.3 லிட்டர் டர்போ இன்ஜின். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையின் 3.717 கிலோமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்தவர்கள் பேடாக்கில், அதாவது அணிகள் தங்கும் இடத்தில், நிறையப் பேர். ஆனால் அந்தக் கார் அந்தத் தார்மேல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் புரட்டிப் பார்க்கப் பழைய தாள் கிடையாது. உள்நாட்டு ஒற்றையிருக்கைக் காரான எல்ஜிபி ஃபார்முலாவில் கைப்பழகிய அனுபவம் ஓரளவுக்குத்தான் கைகொடுத்தது. இது ஒரே கூடாக வார்த்த கார்பன் மோனோகாக், ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ, ஸ்டியரிங்கிலேயே கியர் மாற்றும் பேடில் என்று வேறு ஜாதி வண்டி. வெள்ளிக்கிழமை காலை மணல் படிந்த ஓடுபாதையில் எந்தக் காரும் புஷ் ஆகும். ரப்பர் ஏற ஏற, சனிக்கிழமை மதியம் பாதிப் புகார் தானாகவே மறைந்துவிடும். காலையில் காரை மாற்றியிருந்தால், மதியம் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடிப்படை செட்டப் இல்லாத சீசனில் காரை அசையாமல் வைத்திருப்பதே ஒரு வேலை.

பலனும் தெரிந்தது. அடுத்த பந்தயத்திலேயே அவனுடைய பிரேக் கோடு சாயத் தொடங்கியது, லேப் நேரம் இறங்கியது. இங்கேயே கதை முடிந்திருந்தால் இதை எழுத எனக்குக் காரணம் இருந்திருக்காது.

டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், நாங்கள் மறுபடி இருங்காட்டுக்கோட்டையிலேயே இருந்தோம். ஒரு பயிற்சி ஓட்டம் முடிந்து கார் பிட்டுக்குள் வந்தது. "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்குண்ணா" என்றான். மெக்கானிக் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். இடது முன் டயரின் காற்றழுத்தம் வலதைவிட 3 பிஎஸ்ஐ குறைவு.

கடிகாரத் திசையில் ஓடும் பாதையில் அதிகம் உழைப்பது இடது முன் டயர். அது கூடுதலாகச் சூடேறும் என்பதால்தான் ஓட்டத்துக்கு முன்பே அதில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்போம், திரும்பி வரும்போது இரண்டும் சமமாக இருக்கும். டயரை முன்கூட்டிச் சூடாக்கும் போர்வைக்கு இந்தப் பிரிவில் இடமில்லை என்பதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். 30 டிகிரியில் 17 பிஎஸ்ஐ வைத்த டயர் 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 22-க்கு வரும், அதாவது 10 டிகிரிக்கு சுமார் 1 பிஎஸ்ஐ. ஓட்டத்துக்கு முன் வெயில் படும் பக்கத்து டயர்களைத் துணியால் மூடி வைப்பதும் அதனால்தான். அளக்கும்போதே ஒரு பக்கம் சூடாக இருந்தால் எழுதி வைக்கிற எண்ணே பொய்யாகிவிடும். இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் 3 பிஎஸ்ஐ குறைகிறது என்றால் காற்று இறங்குகிறது என்றுதான் பொருள். சோப்புத் தண்ணீர் விட்டதும் வால்வின் நடுவிலிருந்து பொடிக் குமிழிகள் வந்தன. முடுக்கிப் பார்த்தும் நிற்கவில்லை, வால்வின் உள்பாகத்தையே மாற்றினோம்.

அவ்வளவு காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வரவேண்டிய பதில் ஒரு நொடித்துளி தாமதமாக வரும். வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் இது கையில் தெரிந்தே தீரும். அவனிடம் கேட்டேன். "தெரிஞ்சுதுண்ணா" என்றான். "அப்புறம் ஏன் சொல்லலை?" "நான்தான் பிரேக்கைச் சரியா விடலைன்னு நினைச்சேன்."

என் பதிலைத்தான் அவன் திருப்பித் தந்திருந்தான். நான் காரை நம்பு என்று சொன்னதாக நினைத்தேன். உன் கையை நம்பாதே என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

எல்லோருக்கும் ஒரே காராக இருக்கும் பிரிவில் இந்த ஆபத்து கூடுதல் என்பது என் எண்ணம். பக்கத்துக் காரின் கோட்டை மேலே போட்டுக் காட்டினால் வாதமே முடிந்துவிடுகிறது: அதே கார், அதே டயர், அவன் போகிறான், நீ போகவில்லை. அந்த முதல் சீசனில் பட்டம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர். வெளிநாட்டு ஓட்டுநர்களோடு ஒப்பிடப்படும்போது நம் பையன்கள் குறை தங்களிடம்தான் என்று எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கிறது என்பதுதான் சங்கடம். உண்மையாக இல்லாத அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று கோடு சொல்லாது. வால்வில் சென்சார் இல்லாத காரில் காற்று இறங்குவதை முதலில் அறியக்கூடிய கருவி ஓட்டுநரின் உள்ளங்கை மட்டும்தான்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஓடுபாதைப் படத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வளைவுக்கும் நுழைவு, நடு, வெளியேற்றம் என்று மூன்று இடத்தில் கார் என்ன செய்தது என்று எழுதச் சொல்கிறேன். 'ஏன்' என்று எழுதக் கூடாது, 'என்ன' மட்டும்தான். காற்று அளந்து, டயர் மேற்பரப்பின் சூட்டை மூன்று இடத்தில் குறித்த பிறகுதான் கோடுகளைப் பார்க்கிறோம். இதற்குப் பத்து நிமிடமாவது போகிறது. இரண்டு ஓட்டங்களுக்கு இடையே நேரம் நெருக்கும் நாளில் அந்தப் பத்து நிமிடத்தை வேறு எதற்காவது செலவழித்திருக்கலாமே என்று தோன்றாமலில்லை. எழுதச் சொன்னால் சில பையன்கள் எனக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைத்தான் எழுதுகிறார்கள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

என் மெக்கானிக் வேறு மாதிரி சொல்கிறார். அன்றைக்கே பாரை ஒரு படி இளக்கி, ஒரு ஓட்டம் ஓடவிட்டு, பின்பக்கம் துள்ளுவதை அவனே உணர்ந்து "பழையபடி வைங்கண்ணா" என்று கேட்க விட்டிருக்கலாம் என்பது அவர் கட்சி. பையனின் சொல்லுக்கு மதிப்பும் இருந்திருக்கும், பாடமும் கிடைத்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் துள்ளல் மெதுவான வளைவில் வருமா, சி1-ல் வருமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதே கோட்டோடு, அதே புகாரோடு இன்னொரு பையன் நாளைக்கு வந்தாலும் நான் பாரைத் தொடப்போவதில்லை. "கார்ல ஒண்ணுமில்லை" என்ற வார்த்தையை மட்டும் சொல்லமாட்டேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதில் நானும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.