காது அடைக்காத கடல்

1992 ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லான்மோவர் மேன்’ என்ற ஆங்கிலப் படத்தை நல்ல படம் என்று சொல்லி யாரிடமும் வாதாட நான் தயாரில்லை. ஆனால், அதன் இரண்டாம் பாகமாக 1996 ஜனவரியில் வந்த ‘லான்மோவர் மேன் 2: பியாண்ட் சைபர்ஸ்பேஸ்’ படத்தை அண்மையில் மண்டபம் ஊரில் என் வீட்டில் இருந்தபடி பார்த்து முடித்தபோது, முதல் படத்தின் மீது எனக்கிருந்த மதிப்பு தானாகவே உயர்ந்துவிட்டது. முதல் படத்தை மாணவப் பருவத்தில் ராமநாதபுரத்துக் கடையொன்றில் குறுவட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன்; அதன் தொடர்ச்சி என்று ஒன்று இருப்பதே பல ஆண்டுகள் எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை என்பதுதான் என் முடிவு. என்றாலும், அந்தப் படம் எந்த இடத்தில் தவறியது என்பது அறிவியல் புனைவில் ஆர்வமுள்ளவர்கள் யோசித்துப் பார்க்கத் தக்கது.

முதல் படத்தின் கதை எளிமையானது. புல் வெட்டிப் பிழைக்கும், அறிவு வளர்ச்சி குன்றிய ஜோப் என்ற இளைஞனை, டாக்டர் ஏஞ்சலோ என்ற அறிவியலாளர் மருந்துகளாலும், கணினி உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் உலகப் பயிற்சியாலும் மேதையாக்க முயல்கிறார். அவன் மேதையாகி, அதையும் தாண்டி அதிகார வெறி பிடித்தவனாகி, கடைசியில் தன் உடலைத் துறந்து கணினிக்குள் குடிபுகுந்துவிடுகிறான். ஜோப்பாக ஜெஃப் ஃபாஹியும் ஏஞ்சலோவாக பியர்ஸ் பிராஸ்னனும் நடித்திருந்தார்கள். இயக்கியவர் பிரெட் லெனார்ட். எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங்கின் சிறுகதைத் தலைப்பை எடுத்துக்கொண்டார்களே தவிர, அந்தக் கதையில் கணினியும் இல்லை, மெய்நிகர் உலகமும் இல்லை. படத்தின் தலைப்போடு தன் பெயரை ஒட்டி விற்றதை எதிர்த்து கிங் நீதிமன்றம் சென்று வென்றார். இத்தனை கோளாறுகளோடு பிறந்த படத்தின் இறுதியில் உலகத்துத் தொலைபேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஜோப் உள்ளே சென்றுவிட்டான் என்பதற்கு அதுதான் அடையாளம். விட்டுச்சென்ற உடலோ உலர்ந்த கூடாகக் கிடக்கிறது.

அந்தக் கூடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணினி வரைகலை இன்று பார்த்தால் சிரிப்பை வரவழைக்கும். ஆனால் மெய்நிகர் உலகத்துக்குள் செல்கிறவனுக்கு ஓர் உடல் இருக்கிறது என்பதை அந்தப் படம் கடைசிவரை மறக்கவில்லை. பெரிய உலோக வளையங்களுக்குள் மனிதர்களைக் கட்டிவைத்துச் சுழற்றுகிறார்கள். அவர்களுக்கு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. இது அலங்காரத்துக்காகச் சேர்த்தது மட்டுமன்று. 1968 இல் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லண்டும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய தலையில் அணியும் கருவியையே தலையால் தாங்க முடியாமல் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. எடை குறைந்த பிறகும் உடலின் மறுப்பு தீரவில்லை. கண் நகர்கிறது என்கிறது, உள்காது நகரவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல் வருகிறது. விசைப்படகின் அறைக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு இதுவே தலைகீழாக நடக்கிறது: கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரிய, காதுதான் ஆட்டத்தை உணர்கிறது. எங்கள் பக்கத்தில் முதன்முதலாகக் கடலுக்கு வரும் பையனைத் தூரத்துக் கடல் விளிம்பைப் பார்க்கச் சொல்வதன் காரணமும் அதுவே.

இந்த இடத்தில் வேதாளையில் இருக்கும் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் வயதுக்காலம் முழுவதும் தென்கடலில் சங்கு குளித்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து, கரைக்குச் செல்வதற்கே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது மெய்நிகர் உலகைக் காட்டும் ஒரு வி.ஆர். கண்ணாடியைக் கொண்டுவந்து, பவளப்பாறைகளுக்கு நடுவே நீந்திச் செல்வதுபோன்ற காட்சியை அவருக்குப் போட்டுக் காட்டினான். பெரியப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். மீன்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். “எப்படி இருக்கு தாத்தா?” என்று அவன் கேட்டதற்கு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா அஞ்சு பாகம் இறங்கியும் காது அடைக்கலையேப்பா” என்றார். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. ஐந்து பாகம் என்றால் ஒன்பது மீட்டருக்குச் சற்று மேல். அந்த ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். செவிப்பறை அதை உடனே சொல்லும். காது அடைக்காத கடலை அவர் குறையாகச் சொல்லவில்லை. அது வேறு ஏதோ ஒன்று என்று பிரித்துக் காட்டினார், அவ்வளவுதான். மறுநாளும் அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனி இரண்டாம் படத்துக்கு வருவோம். உடலைத் துறந்து கணினிக்குள் கரைந்துபோனவனாக முதல் படம் காட்டிய ஜோப், இங்கே வெடித்துச் சிதறிய ஆய்வுக்கூடத்தின் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்படுகிறான். முதல் படம் அவனிடம் வாங்கிய விலையை இரண்டாம் படம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம், ஏனென்றால் மீட்கப்பட்டவனுக்குக் கால்கள் இல்லை. வெளியே கட்டிலில் கிடப்பவன் உள்ளே முழு உடலோடு நிற்கிறான். ஓர் எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவன் வெளியே வர மறுப்பதற்கு உலகை ஆளும் ஆசை தேவையே இல்லை. நடக்க வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். கண்ணாடியை மறுநாளும் கேட்ட பெரியப்பாவை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சிகளைப் பார்த்ததால், படம் இதைப் பற்றி ஏதாவது சொல்லும் என்று நான் உண்மையிலேயே காத்திருந்தேன். படமோ அதைச் சில நொடிகளில் கடந்து, ‘கைரான்’ என்ற ஒரு கணினிச் சில்லுக்காகப் பணக்காரன் ஒருவன் போடும் திட்டத்துக்கும், எல்லா வலைப்பின்னல்களையும் கைப்பற்ற ஜோப் போடும் எதிர்த்திட்டத்துக்கும் ஓடிவிடுகிறது.

இதன் பிறகு மெய்நிகர் உலகம் என்பது வெறும் மேடையாகிவிடுகிறது. கண்ணாடியை மாட்டியதும் உள்ளே போய்விடுகிறார்கள். யாருக்கும் தலை சுற்றுவதில்லை. உள்ளே எது முடியும், எது முடியாது என்பதற்கு வரையறை இல்லாததால், யாருக்கு என்ன ஆகிவிடுமோ என்ற கவலையும் நமக்கு வருவதில்லை. உச்சக்கட்டத்தில் வாட்சண்டை போடுகிறார்கள். கணினிக்குள் கடவுளாக வாழ நினைப்பவன் ஏன் வாளைத் தூக்க வேண்டும் என்பதற்கு விடை, வாட்சண்டை பார்க்க நன்றாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்தார்கள் என்பதாகத்தான் இருக்க முடியும்.

கால வரிசையும் குழப்பமே. முதல் படத்தில் சிறுவனாக வந்த பீட்டர், அதே ஆஸ்டின் ஓ’பிரையன் நடிப்பில், இதில் பதின்வயதுப் பையனாக வருகிறான். அதாவது இடையில் சில ஆண்டுகளே கடந்திருக்கின்றன. அதற்குள் நகரமோ ஒரு தலைமுறை தாண்டிய எதிர்காலத்துக்குப் போய்விட்டிருக்கிறது. முதல் படத்திலிருந்து திரும்பி வந்த நடிகர் அவர் ஒருவர்தான். பிராஸ்னன் அதற்கு முந்தைய ஆண்டே ஜேம்ஸ் பாண்ட் ஆகிவிட்டார். அவர் இடத்தை நிரப்ப, பாட்ரிக் பெர்கின் வேறொரு அறிவியலாளராக வருகிறார்.

காலமும் படத்துக்குச் சாதகமாக இல்லை. நின்டெண்டோ நிறுவனம் 1995 இல் கொண்டுவந்த ‘வர்ச்சுவல் பாய்’ என்ற கருவி சிவப்பு நிறத்தில் மட்டுமே காட்சிகளைக் காட்டியது. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்ற புகார்களோடு அடுத்த ஆண்டே கடைகளிலிருந்து மறைந்தது. மெய்நிகர் உலகம் என்றாலே மக்கள் உதட்டைப் பிதுக்கிய அந்த நேரத்தில் வந்த இப்படம், அமெரிக்கத் திரையரங்குகளில் 25 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. முதல் படம் அங்கே மூன்று கோடி டாலருக்கு மேல் ஈட்டியிருந்தது. ஆனால் காலத்தின் மீது பழி போட்டுத் தப்பிக்க முடியாது. மூன்றே ஆண்டுகளில், 1999 இல், மெய்நிகர் உலகத்தையே கதையாகக் கொண்ட ‘தி மேட்ரிக்ஸ்’ வந்து உலகையே அமர்ந்து பார்க்கவைத்தது. அந்தப் படத்தில் விதிகள் கறாரானவை: உள்ளே செத்தால் வெளியேயும் சாவு, வெளியே வருவதற்கு ஒரு தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். ஓடும்போது நாமும் கூடவே ஓடுகிறோம்.

ஒரு மனிதருக்காக மட்டும் ‘லான்மோவர் மேன் 2’ மீது எனக்குச் சிறிது இரக்கம் உண்டு. இதில் ஜோப்பாக நடித்த மாட் ஃப்ரூவர், 1980களில் ‘மேக்ஸ் ஹெட்ரூம்’ என்ற கணினி மனிதனாகத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றவர்; அந்த உருவம் கணினியில் வரைந்ததன்று, பெரும்பாலும் அவர் முகத்தின் மீது ஒட்டிய ஒப்பனைதான். உடலைக்கொண்டே உடலில்லாதவனாக நடித்துக் காட்டியவரை அழைத்துவந்து, உரக்கச் சிரிக்கவும் மிரட்டவும் மட்டும் விட்டிருக்கிறார் இயக்குநர் ஃபர்ஹாத் மான். கட்டிலில் கிடக்கும் காட்சிகளில் அவர் முகத்தில் தெரியும் குழப்பமும் பசியும் இன்னும் அரைமணி நேரம் நீடித்திருந்தால் நான் இதை வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. முதல் படத்துக்கு, திரையரங்கில் வந்ததைவிட அரைமணி நேரம் நீளமான இயக்குநர் பதிப்பு ஒன்று இருக்கிறது. கையில் ஒரு மாலைப் பொழுதுதான் இருக்கிறது என்றால் இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு அந்த நீண்ட பதிப்பைப் பாருங்கள்.