நந்திமலைக்கு ஒரு சைக்கிள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு: ரோடு பைக் வாங்கலாமா, வேண்டாமா. அம்மா முதலில் மோட்டார் பைக் என்றே நினைத்துக்கொண்டார். மெல்லிய டயரும் ஆட்டுக்கடாக் கொம்புபோல் கீழே வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள சைக்கிள்தான் அம்மா என்று படம் காட்டினேன்.

என்னிடம் நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அலுவலகத்துக்கும், ஞாயிறு காலை கப்பன் பூங்காவுக்கும் அது தாராளமாகப் போதும். என் ஆசை பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்திமலை. 1,478 மீட்டர் உயரம். அல்சூரில் எங்கள் தெருவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். டிசம்பரில் போனேன். ஹெப்பாளைத் தாண்டியதிலிருந்து எதிர்காற்று. நேரான ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று முழுவதும் நெஞ்சில்தான் மோதும். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அன்று நான் பாதியில் திரும்பியது கியர் போதாமல் அல்ல. அடிவாரம் சேர்வதற்குள் தொடையில் சத்து தீர்ந்திருந்தது. ஏற்றத்தின் பாதியில் கல்லொன்றில் உட்கார்ந்து, மேலே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பிறகு அலுவலக நண்பர் தன் ரோடு பைக்கை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கொடுத்தார். பெல்லாரி சாலையில் அதிகாலை ஐந்தரை மணிக்கு, ஹேண்டில்பார் வளைவின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முதுகைத் தாழ்த்தியதும் காதருகே காற்றின் இரைச்சல் தணிந்தது. அதே கால்கள்தான், அதே மிதிதான்; சைக்கிள் முன்னே முன்னே ஓடியது. எலகங்கா வந்துவிட்டதை நம்ப முடியாமல் பெயர்ப்பலகையை இரண்டு முறை படித்தேன்.

இரண்டாம் ஞாயிறு ஜெயமகால் பக்கம் ஒரு பள்ளம். 23 மில்லிமீட்டர் டயர். காற்றும் சற்றுக் குறைந்திருந்தது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை. சைக்கிள்காரர்கள் இதைப் பாம்புக்கடி என்கிறார்கள். பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது. தள்ளிக்கொண்டே எங்கள் ஏரிக்கரைப் பங்க்சர் கடைக்கு வந்தேன். கிருஷ்ணகிரிக்காரர். ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, மெல்லிய வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, என் பம்பு இதில் உட்காராது. இதற்கு ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்." அதைவிடப் பயனுள்ள அறிவுரையை எனக்கு எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பள்ளம் என் கேள்வியையே மாற்றிவிட்டது. எடை எத்தனை கிராம் குறைவு என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். 32 மில்லிமீட்டர் டயர் நுழைய பிரேமில் இடம் இருக்கிறதா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். அகலமான டயரில் காற்றழுத்தம் குறைவாக வைக்கலாம். நம் ஊர்ச் சாலையின் அடி மணிக்கட்டுக்கு வராது. அடுத்தது பல்சக்கரம். முன்னால் சிறியது 34 பல், பின்னால் பெரியது 32 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சற்றே கூடுதலாகத்தான் சுழலும்; ஏற்றத்தில் மிதி லேசாகும். நாற்பத்திரண்டு வயதில் நந்தியின் கொண்டைஊசி வளைவுகளில் எனக்கு அது வேண்டும். கியர் தொகுதிக்கு ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ், பின்னால் 8 கியர், போதும். அதற்கு மேல்நிலையான சோராவில் 9, அந்த ஒரு கியருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க மனமில்லை.

சேர்த்து வைத்திருப்பது 55,000 ரூபாய். அதிலேயே அழுத்தம் காட்டும் பம்பு, விளக்கு, மாற்று ட்யூப் எல்லாம் அடங்க வேண்டும். போன வாரம் ஒரு கடையில், கையிருப்பில் இருந்த 54 சென்டிமீட்டர் பிரேம் அளவையே என் தலையில் கட்டப் பார்த்தார்கள். "சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும் மேடம்." சீட்டை இறக்கலாம், பிரேமின் நீளத்தை எப்படிக் குறைப்பது? உட்கார்ந்து பார்த்தேன், கையை முழுக்க நீட்டினால்தான் பிரேக் எட்டியது. கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

நேற்றிரவு வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்றேன். மகள் தன் கணக்குப் புத்தகத்தைக் கால்களுக்கிடையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்விளிம்பில் பென்சிலால் கோடு போட்டாள். தரையிலிருந்து கோடு வரை, அதாவது என் காலின் உள்நீளம், 74 சென்டிமீட்டர். எனக்கு 49 அல்லது 50 அளவு வேண்டும். வேறொரு கடையில் அந்த அளவு அடுத்த வாரம் வருகிறதாம். எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கட்டிவிட்டேன். சுவரில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.