வீடியோவில் டாக்டர்: எதற்குச் சரி, எதற்கு வேண்டாம்

தொடை இடுக்கில் ஒரு மாதமாக அரிப்பு. "கொஞ்சம் காட்டுங்க" என்கிறார் வீடியோவில் டாக்டர். போனைக் கிட்டே கொண்டுபோனதும் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு மங்கல். எட்டப் பிடித்தால் நிழல் விழுகிறது. டார்ச்சைப் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு. "சரி, எத்தனை நாளா இருக்கு?" என்று அவர் பேச்சை மாற்றுவதற்குள் பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் காலி.

டாக்டர் மேலும் தப்பில்லை, போன் மேலும் தப்பில்லை. தொட்டுப் பார்க்கிற கையும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாமல் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குறையை நிரப்பும் வேலை இந்தப் பக்கம் வந்து விழுகிறது. என்ன வேலை என்பது நோய்க்கு நோய் மாறும்.

தோல் நோயில் வீடியோவை நம்பாதீர்கள், போட்டோவை நம்புங்கள். நெட் மெதுவானால் வீடியோ முதலில் பலி கொடுப்பது நிறத்தையும் நுணுக்கத்தையும்தான். தோல் டாக்டருக்கு வேண்டியது அந்த இரண்டும். காலைப் பத்து மணிவாக்கில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் மூன்று படம் எடுங்கள்: உடம்பில் எந்த இடம் என்று தெரிய எட்ட நின்று ஒன்று, ஓரடி தூரத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது பருவையும் தழும்பையும் அழித்து உங்களை அழகாக்கி அனுப்பிவிடும். எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் பூசுவதற்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் சுருங்காது.

படத்தைவிட முக்கியமான ஒன்று, இதுவரை பூசிய டியூப்கள். மருந்துக்கடையில் "படைக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு குறையும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். படர்தாமரையின் அடையாளமே அந்த வட்டமான மேடிட்ட ஓரம்தான். ஸ்டீராய்டு அந்த ஓரத்தை அழித்துவிடுவதால் நேரில் பார்க்கும் டாக்டரே தடுமாறுவார், வீடியோவில் கேட்கவே வேண்டாம். ஆகவே காலி டியூப்பைத் தூக்கிப் போடாமல், பெயர் தெரியும்படி அதையும் படம் எடுங்கள். காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள் வந்திருந்தால் கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறையாத புள்ளி, தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்த புள்ளி. அதற்கு வீடியோ வேண்டாம், நேரில் ஓடுங்கள்.

குழந்தைக்குச் சளி, இளைப்பு என்றால் கதை வேறு. இங்கே படம் உதவாது, அசைவு வேண்டும். ஆனால் விட்டு விட்டு வரும் நேரலையில் மூச்சை எண்ண முடியாது. சட்டையைக் கழற்றி, குழந்தை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ நெஞ்சும் வயிறும் தெரிய 30 வினாடி பதிவு செய்து முன்கூட்டியே அனுப்புங்கள். எண்ணுவதை நீங்களே முழுசாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பும் நாலு மடங்காகும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரில் ஓடுங்கள்.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் குளறுபடி தனி. பாரசிட்டமால் அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லியில் 120 உள்ளது என்றால் 6 மில்லிக்குச் சற்று மேல். ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். "5 மில்லி கொடுங்க" என்று டாக்டர் சிரப்பை நினைத்துச் சொல்ல, வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பாட்டிலின் லேபிளைக் கேமராவுக்குக் காட்டாமல் அளவு கேட்காதீர்கள். எடையை அன்றைக்கே பாருங்கள், மூன்று மாதத்துக்கு முந்தைய எடை ஆகாது.

சுகர், பி.பி. இரண்டுக்கும் வீடியோ நன்றாகவே பொருந்தும். டாக்டருக்கு வேண்டியது பெரும்பாலும் எண்கள். அந்த எண்கள் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.பி. பார்க்க, காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பட்டையை வெறும் கையில் சுற்றி எடுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டு அளவில் 135/85 ஐத் தொட்டாலே அதிகம். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கைக்கு அதைச் சுற்றினால் இல்லாத பி.பி.யும் இருப்பதாகக் காட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் மருந்து பாட்டிலையும் ஊசியையும் சேர்த்துக் கேமராவில் காட்டுங்கள். இந்தியாவில் இரண்டு வீரியம் புழங்குகிறது: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். தலைகீழாக நடந்தால் 20க்குப் பதில் 50 யூனிட் போய் ஆள் மயங்கி விழுவார். போனில் பேசினால் மாட்டாத இந்தத் தப்பு, வீடியோவில் பத்து வினாடியில் மாட்டும். அப்படியே வயிற்றில் ஊசி போடும் இடத்தையும் காட்டுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப் போயிருந்தால் மருந்து சரியாக ஏறாது.

மனநலத்துக்கு வீடியோ புதிதல்ல. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பு, கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே புதுக்கோட்டை கிராமங்களுக்கு வண்டி அனுப்பி, அதற்குள் நோயாளியை உட்கார வைத்துச் சென்னை டாக்டரோடு பேச வைத்தது. வண்டி ஏன் என்று யோசித்தால் விஷயம் புரியும்: கதவைச் சாத்திப் பேச ஒரு இடம். இரண்டு அறை வீட்டில் மாமியார் சமையலறையில் இருக்கும்போது மருமகள் எதைச் சொல்ல முடியும்? ஹெட்போன் மாட்டினாலும் பாதிதான் மறையும். நம் குரல் வெளியே கேட்கும். மொட்டை மாடி, நிறுத்திய கார் எதுவும் பரவாயில்லை. யாராவது கேட்கிற தூரத்தில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி டாக்டர் கேள்வியை மாற்றிக்கொள்வார். இருக்கும் இடத்தின் முகவரியும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணும் அவரிடம் இருப்பது நல்லது. அவசரத்தில் ஆள் அனுப்ப வேண்டுமென்றால் அதுதான் வழி. உடனே பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பிசியோதெரபிக்கு முகம் தெரிந்து பிரயோசனமில்லை. போனைப் படுக்கைவசமாக, இடுப்பு உயரத்தில், ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். முட்டி வலி என்றால் வேட்டியோ நைட்டியோ முட்டிக்கு மேலே ஏற வேண்டும். நாற்காலிக்குச் சக்கரம் கூடாது, அதன் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். வயதானவர் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். விழுந்தால் திரைக்குள்ளிருந்து யாரும் பிடிக்க முடியாது.

கண்ணுக்கு வீட்டு வீடியோ அநேகமாக வீண். கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் போன் கேமரா பார்க்காது. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறக் கண் மையங்களில் நடப்பதைப் பாருங்கள்: பயிற்சி பெற்ற ஒருவர் அங்கேயே கருவியில் கண்ணைச் சோதிக்கிறார், பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நோயாளியோடு வீடியோவில் பேசுகிறார். என்னைக் கேட்டால் வீடியோ மருத்துவம் முழுக்கவே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நோயாளி பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு கை இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி சட்டம். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கிறது. சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றை எப்படிப் பேசினாலும் எழுதலாம். அடுத்த பட்டியலில் உள்ளதை, முதல்முறை பார்க்கும் நோயாளிக்கு வீடியோவில் பார்த்தால் மட்டுமே எழுதலாம். "நெட் சரியில்லை, போன்ல பேசிக்கலாம்" என்று நீங்கள் இறங்கி வந்தால் அவர் எழுதக்கூடிய மருந்தும் குறைந்துவிடும். மூன்றாவது பட்டியல், ஆறு மாதத்துக்குள் அதே டாக்டரை அதே நோய்க்கு நேரில் பார்த்தவர்களுக்கு. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளுக்கு அனுமதியே இல்லை. கேட்டு மன்றாட வேண்டாம். எழுதித் தருகிறவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

காசு கொடுக்காமல் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. மொபைல் எண், ஓ.டி.பி., நோயாளி விவரம், டோக்கன், பிறகு வரிசை. வரிசையில் இருக்கும்போது வேறு ஆப்புக்குத் தாவினால் இணைப்பு அறுந்து முறை தவறிப்போகலாம். ரிப்போர்ட்டுகளை முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, வாய் கோணி பேச்சு குழறுவது, பாம்புக்கடி, கர்ப்பிணிக்குத் தலைவலியோடு பார்வை மங்குவது, வயிற்றில் பிள்ளை அசைவு குறைவது: எதற்கும் வீடியோ கிடையாது, 108தான். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதில் அரை மணியை டோக்கனுக்குக் காத்திருந்து கரைக்காதீர்கள்.

பேசி முடித்ததும் வரும் சீட்டில் டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பைத் துண்டிக்கும் முன் இரண்டு கேள்வி: எத்தனை நாள் பொறுக்கலாம், எது நடந்தால் நேரில் வரணும்? கடைசியாக, அவர் சொன்ன அளவைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். விட்டு விட்டு வரும் ஒலியில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்று போலத்தான் கேட்கும். "பதினைஞ்சா, அம்பதா டாக்டர்?"