காணாக்கடி என்று நினைத்தது தைராய்டு வரை போனது

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் யாருக்காவது தோல் தடித்தால், மாங்காய்ப் பால் பட்டிருக்கும் என்பார்கள். எனக்கும் அதையே சொன்னார்கள். ஆனால் சீசன் முடிந்து மார்கழி வந்தும் தடிப்பு நிற்கவில்லை. சாயங்காலமானால் இடுப்பிலும் தொடையிலும் சிவந்து வீங்கும், காலையில் தடமே இருக்காது. டாக்டரிடம் காட்டலாம் என்றால் காட்ட ஒன்றும் இருக்காது!

"காணாக்கடி இது, வெத்தலையில மிளகு வெச்சு மென்னு முழுங்கு கண்ணு" என்றார் மாமியார். கண்ணில் படாத ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று அர்த்தம். செய்தேன், காரம்தான் மிச்சம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தப்பட்டன. தட்டில் களியும் கீரையும் மட்டும் இருந்த நாட்களிலும் அரிப்பு வந்தது. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டால் அன்றைக்கு அடங்கும், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் பார்த்த தோல் டாக்டர், தடிப்பை போனில் படம் எடுத்து வரச் சொன்னார். 6 வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால் அது நாள்பட்ட வகை, பெரும்பாலும் சாப்பாடு காரணமாக இருக்காது என்றார். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் தடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது. முடி கொட்டுகிறதா? மலச்சிக்கல் உண்டா? மாதவிடாயில் போக்கு அதிகமா? மற்றவர்களை விடக் குளிருகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம். முடி கொட்டுவதற்கு போர் தண்ணீர், சோர்வுக்கு வயசு, கால் வறண்டு வெடிப்பதற்குப் பனி என்று நாங்கள் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தோம். புருவத்தின் வெளி ஓரம் மெலிந்திருந்ததை அவர் சொல்லித்தான் கண்ணாடியில் பார்த்தேன்.

டி.எஸ்.எச்., டி4, ஆன்ட்டி டி.பி.ஓ. என்று தைராய்டுக்கான மூன்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அது தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டலாம். என்னை 2 நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள்.

டி.எஸ்.எச். கூடுதல், டி4 குறைவு, அதாவது தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை. ஆன்ட்டி டி.பி.ஓ. ஆன்ட்டிபாடி மிக அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ என்றார்கள். இது இருப்பவர்களுக்கு இந்தத் தடிப்பும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறதாம்.

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி கிடையாது. எனக்கு நோயை விடப் பெரிய கஷ்டம் இதுதான். ரத்தக் குறைவுக்கான இரும்புச்சத்து மாத்திரையை 4 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், கால்சியத்துக்கும் அதே கணக்கு. சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்கள்.

தைராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் தடிப்பு ஓடிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. மலச்சிக்கலும் சோர்வும் முதலில் விட்டன, முடி மெதுவாக நின்றது. தடிப்புக்கு லெவோசெட்ரிசின் என்ற அரிப்பு மாத்திரையை அரிக்கும்போது மட்டும் இல்லாமல் தினமும் போடச் சொல்லி, டாக்டரே அளவையும் கூட்டினார். அதற்குப் பிறகுதான் இரவில் தூங்கினேன். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இறுகினால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

இப்போது அரிப்பு மாத்திரையை அவர் சொல்லும்படி குறைத்துக்கொண்டு வருகிறேன். தைராய்டு மாத்திரை தொடர்கிறது. முட்டையும் கருவாடும் தட்டுக்குத் திரும்பிவிட்டன, மாமியாருக்கு இன்னும் சம்மதமில்லை.