கண் அழுத்தம் 3: குறைந்தாலும் ஆபத்துதான்

ஏழு வருடமாக ராத்திரி தவறாமல் சொட்டு மருந்து போட்டவள் நான். அழுத்தம் ஏறிவிடக் கூடாது என்பது ஒன்றே கவலை. அதனால் கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிராபெகுலெக்டமி அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் வாரம் "அழுத்தம் 3" என்று கேட்டதும் சந்தோஷப்பட்டேன். டாக்டருக்குச் சந்தோஷம் இல்லை. 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது, 5-க்குக் கீழே இறங்கினால் கண்ணே தளர்ந்துவிடும் என்றார்.

அப்போதுதான் சொன்னேன், ஜன்னல் கம்பிகள் சில நாளாக நெளிந்து தெரிகின்றன என்று. புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துச் சொல்லாமல் விட்டிருந்தேன். கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் விழித்திரையின் நடுப்பகுதி துணி கசங்கியதுபோல மடிந்திருந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற அறுவைச் சிகிச்சையில் திறந்த வழி, தேவைக்கு மேல் வடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் சாயம் போட்டுப் பார்த்தார்கள், எங்கும் கசிவில்லை, வடிவதுதான் அதிகம்.

ஸ்டீராய்டு சொட்டைக் குறைத்து, கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டு கொடுத்து மூன்று வாரம் பார்த்தார்கள். எண் 4-ஐத் தாண்டவில்லை. மறுபடி தையல் போடுவதா, லேசரா என்று வந்தபோது லேசரை முதலில் முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மரத்துப்போகச் சொட்டு விட்டு, வடியும் நீர் வெண்விழியின் மேல்தோலுக்கடியில் தேங்கும் கொப்புளத்தின்மேல் சாயம் தடவி, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். சாயம் லேசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் கொப்புளம் சுருங்கும். ஒவ்வொரு ஒளிக்கும் சுருக்கென்று ஒரு குத்து. தாங்க முடியாத வலி இல்லை, ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பது பெரிய பாடு. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அழுத்தம் திடீரென்று ஏறவும் கூடும். தலைவலி, வாந்தி வந்தால் உடனே வரச் சொன்னார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முதல் வாரம் 5. அதோடு நின்றுவிட்டதால் இன்னொரு முறை லேசர். அதன்பின் 7, பிறகு 9. எண் ஏறியதே என்று மகிழ்ந்தது வாழ்க்கையில் அப்போதுதான்.

பார்வை அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் கோடுகள் நேராயின. இடது ஓரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் இன்னும் லேசாக வளைந்திருக்கிறது. அடுத்த ஸ்கேனில் அதைத்தான் கேட்க வேண்டும்.